பல்லுக்கு வேலை

பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் நான் தேவைப்பட மாட்டேன். மாமா தூங்கிவிடுவார். அகிலாண்டம் பாத்திரம் கழுவிவிட்டுப் போயிருப்பாள். அந்த நேரத்தில்தான் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டேன். மாமா கடைசியாக என்ன சொன்னார் என்று இரண்டாவது முறை கேட்கிறீர்கள். சொல்கிறேன். ரொட்டியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

பூதலூரில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி வாங்குவார்கள். நான் சுட ஆரம்பித்த புதிதில் வாசனை வாய்க்கால் வரை போனது. வயலுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "வீட்ல யாருக்கு முடியல?" என்று விசாரித்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

முடியாதவர் மாமாதான். நடராசன், என் கணவரின் அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது. விழுங்குவது திரும்பவில்லை. தஞ்சாவூரில் அவருக்குப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். ஸ்பூனால் அழுத்தினால் மசிய வேண்டும். மசியாத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். ஊட்டும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ரொட்டி இதற்குத் தோதாக இருந்தது. ஓரத்தை வெட்டிவிட்டுப் பாலில் ஊறப் போட்டால் கூழாகிவிடும். மாமாவுக்குப் பிடித்துப்போனது. "சோத்துக்குப் பஞ்சமில்லாத ஊர்ல பொறந்து ரொட்டி தின்னு சாவப்போறேன்" என்பார். நான் சிரிக்கும்வரை விடமாட்டார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் செந்தில்குமார் கல்யாணம் முடிந்த மாதமே டொரண்டோ போய்விட்டார். எனக்கும் விசாவுக்கு எழுதினார். அது வந்தபோது மாமா விழுந்திருந்தார். விசாவில் ஒரு கடைசித் தேதி இருக்கும், அதற்குள் போய் இறங்க வேண்டும். "அப்பா இருக்கற வரைக்கும் எப்படி அனு? வேற யாரு இருக்கா?" என்றார். அந்த விசா பீரோவிலேயே காலாவதியானது. இரண்டாவது, போன ஐப்பசியில் வந்தது. அதற்கும் ஒரு தேதி இருந்தது.

மாமாவுக்கும் தெரியும். "ஒன் விசா வந்துருச்சும்மா. என் விசாதான் வரமாட்டேங்குது" என்று இடது கையால் மேலே காட்டுவார். அது அவரே சொன்னது. நான் சொல்லவில்லை.

பேகல் அந்த ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. செந்தில் தினமும் காலையில் தான் சாப்பிடுவதைப் படம் எடுத்து அனுப்புவார். நடுவில் ஓட்டை உள்ள ரொட்டி, மேலே எள். மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டுத்தான் ஓவனில் வைக்க வேண்டும். முதலில் செய்தது பன் மாதிரி வந்தது. வீடியோவில் அமுக்கிக் காட்டினேன். அமுங்கியது.

"இது பேகலே இல்ல அனு. பல்லுக்கு வேலை இருக்கணும்."

அதைப் பிடித்துக்கொண்டேன். மார்கழி முழுக்க அதே வேலை. தண்ணீரைக் குறைத்தேன். கை வலிக்கப் பிசைந்தேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். வெல்லம் கரைத்த தண்ணீரில் கூடுதலாகக் கொதிக்கவிட்டேன். ஒவ்வொன்றும் இறுக்கத்தைக் கூட்டியது. மாமா கட்டிலிலிருந்தே வேடிக்கை பார்ப்பார். "வாஷர் ரெடியா? பம்புசெட்டுக்கு ஒண்ணு எடுத்து வை" என்பார்.

ருசி பார்க்க அகிலாண்டத்திடம் கொடுப்பேன். முழுக் கரும்பைப் பல்லாலேயே உரிக்கிறவள். பொங்கல் கழிந்து ஒரு நாள், ஒரு துண்டைக் கடித்து மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், கடைசியில் விரலை விட்டு வெளியே எடுத்தாள்.

"என்னம்மா இது, செருப்புக்கு அடி தைக்கலாம் போலருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதம் வந்துவிட்டது. மறுநாள் அவளை மகள் வீட்டுக்குப் போய்வரச் சொன்னேன். அவள் பிறகு உங்களிடம் வந்து சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள்.

அன்று மாமா எழுந்ததுமே வாசனை பிடித்துவிட்டார். "எனக்கும் உண்டாம்மா?" என்றார். கேட்டது அவர்தான். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். கழுத்தில் துண்டு கட்டினேன். கையால் பிய்க்க வரவில்லை, கத்தியால் நறுக்கி ஊட்டினேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். அடுத்த தட்டுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. ராத்திரியில் என்னைக் கூப்பிட அப்படித்தான் தட்டுவார். ராத்திரியில் ஒரு தட்டுக்கே எழுந்து ஓடியிருக்கிறேன். அன்று குழாயைத் திறந்துவிட்டேன். சத்தம் நின்ற பிறகு மூடினேன்.

இதைக் கொலை என்று எழுதுவது உங்கள் வேலை. அவருக்குப் பிடித்ததைத்தான் கொடுத்தேன். மீதி பேகல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. உங்களுக்கு நல்ல பல் என்றால் சாப்பிடலாம், ஒன்றும் கலக்கவில்லை.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. துண்டை வாயருகே கொண்டுபோனபோது மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்கு முன்னால், எப்போதும் போலச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"இன்னைக்கு ஊறப் போடலியாம்மா?"