குடை தொலைத்த பாட்டுக்காரன்

மருமகன்: ...கட்டிலுக்கு அடியிலயும் இல்ல, அத்தை.

மாமியார்: நல்லாப் பாத்தீங்களா மாப்பிள்ளை?

மருமகன்: தலையை விட்டே பாத்துட்டேன். ஒத்தைச் செருப்பும், உங்க மகள் ஒரு மாசமாத் தேடுற கத்திரிக்கோலும்தான் கிடக்கு. மெத்தையைத் தூக்கிப் பாக்கவா?

மாமியார்: வேண்டாம் வேண்டாம்! இப்பதான் விரிப்பு மாத்தினேன்... கீழ என் மகன் கார்ல உக்காந்து ஹாரன் அடிக்கிறான். அந்த இசைத்தட்டு இல்லாம நான் எப்படிக் கிளம்புறது?

மருமகன்: கிளம்ப முடியாதுதான்...

மாமியார்: என்ன சொன்னீங்க?

மருமகன்: தேடுவோம்னேன்.

மாமியார்: அந்தப் பையில...

மருமகன்: ஐயோ, அதைத் தொடாதீங்க! என் டூல் பை. முழுக்க கிரீஸ்.

மாமியார்: சரி சரி, ஏன் பதறுறீங்க?

மருமகன்: ஆமா, மச்சான் வீட்டுப் புது பிளேயர்ல அந்தத் தட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டீங்களே...

மாமியார்: அதை ஏன் ஞாபகப்படுத்துறீங்க! அந்த இங்கிலாந்துப் பாட்டுக்காரன் கொசு மாதிரி கீச்சுக் கீச்சுன்னான். பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்.

மருமகன்: அதுதான் சரியான வேகமாம்.

மாமியார்: யாருக்குச் சரி? நம்ம பெட்டியில எப்படிப் பாடுவான்! எருமை வயித்துக்குள்ள இருந்து வர்ற குரல்ல... ரயில்ல தொலைச்ச குடைகிட்டயே மன்னிப்பு கேப்பான்...

மருமகன்: துக்கம் தாங்காம நிறுத்துவான்...

மாமியார்: உடனே கிட்டார்க்காரன் தகரக் கூரை சரிஞ்ச மாதிரி நடுவுல புகுவான்...

மருமகன்: ஒருத்தன் சைக்கிள் ஹாரனை எடுத்து...

மாமியார்: பாம்ம்ம்!

மருமகன்: பாம்ம்... போதும் அத்தை, வயிறு வலிக்குது.

மாமியார்: இங்கிலீஷ்ல எனக்கு நாலு வார்த்தை தெரியாது. நீங்க அர்த்தம் சொன்ன அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல பல் செட்டு கழண்டு காப்பியில விழுந்துச்சே...

மருமகன்: அதுவரைக்கும் நீங்க எங்கிட்ட "சாப்பிட்டீங்களா"வைத் தவிர ஒண்ணும் பேசினதில்ல. பல் போனப்புறம்தான் வாயே திறந்தீங்க!

மாமியார்: குசும்பு! என் மகன் கேக்குறான்... லிஃப்ட் மெக்கானிக், அத்தனை மாடிக்கும் ஏத்தி இறக்குறாரு, தட்டு மெதுவாச் சுத்துற பாட்டுப் பெட்டியில தளர்ந்துபோன பெல்ட்டை மாத்தத் தெரியலையான்னு.

மருமகன்: புது பெல்ட் வாங்கி டிராயர்ல சும்மாதான் கிடக்கு. மாத்தினா அவன் மனுஷன் மாதிரி பாட ஆரம்பிச்சிருவானே!

மாமியார்: புண்ணியவான்... மாத்திராதீங்க. நான் போனாலும்.

மருமகன்: போனாலும்...

மாமியார்: போய்த்தானே ஆகணும்? இருக்கிறது ரெண்டே ரூம். ஒண்ணை நான் அடைச்சுக்கிட்டேன். நீங்க பிள்ளைங்களோட இன்னொண்ணுல மடங்கிக் கிடக்குறீங்க.

மருமகன்: இடம் பத்தலன்னு நான் சொன்னேனா?

மாமியார்: சொல்லல. "இருங்க"ன்னும் சொல்லலையே.

மருமகன்: நீங்களா மச்சானுக்கு போன் போட்டு வரச் சொல்லிட்டீங்க. அப்புறம் நான் குறுக்க விழுந்து மறிக்கவா? கூச்சமா இருந்துச்சு அத்தை. மாமியாரைப் போகாதீங்கன்னு அழுத மருமகன் உலகத்துல எவன் இருக்கான்?

மாமியார்: அழுதீங்களா?

மருமகன்: ...தூசி. பீரோ மேல தேடினேன்ல.

மாமியார்: திரும்பவும் ஹாரன் அடிக்கிறான்.

மருமகன்: நம்ம ஆளு சைக்கிள் ஹாரன் இதுக்கு எவ்வளவோ மேல்.

மாமியார்: சிரிப்பு காட்டாதீங்க... எனக்கும் தூசி விழுந்திருச்சு.

மருமகன்: அத்தை... கோவிச்சுக்காதீங்க. தட்டு என் டூல் பையில இருக்கு. நேத்தே துணி சுத்தி ஒளிச்சிட்டேன். வெறும் உறையைத்தான் அலமாரியில வச்சேன். அதை எடுத்துக்கிட்டுப் போவீங்க, அங்க பிரிச்சுப் பாத்துட்டு, தட்டைத் தேடித் திரும்பி வருவீங்கன்னு... ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க? பல்லைப் பிடிங்க! ஆனா ஒண்ணுதான் புரியல... வச்ச இடத்துல உறையைக் காணோமே?

மாமியார்: மெத்தைக்கு அடியில இருக்கு. காலையில நான்தான் ஒளிச்சேன், கிளம்புறதைத் தள்ளிப்போட... உள்ள தட்டு இருக்கான்னுகூட பாக்கல, மாப்பிள்ளை! அந்தப் பையைக் கொண்டாங்க. ஹாரன் அடிக்கிறவனையும் மேல வரச் சொல்லுங்க. அவனும் ஒரு தடவை ஒழுங்கான வேகத்துல கேட்டுட்டுப் போகட்டும்.