பழைய ரீடர் பாக்க வந்தவ

சும்மா உக்காருங்க தம்பி, டீ சொல்லியாச்சு. பொருளப் பாக்காம காச எடுன்னா எப்பிடி? விளம்பரத்துல போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு. போட்டோவ நம்பி ஏமாந்த குடும்பம் எங்களது. என் கல்யாணமே அப்பிடித்தான் ஆச்சு, அத விடுங்க. எங்க, இங்கன குடுங்க அந்தப் புத்தகம் படிக்கிற ரீடர.

வாலிநோக்கமா நீங்க? உப்பளத்துல சூப்பர்வைசரா? அப்ப மொதல்ல சார்ஜ் போடுற ஓட்டையத்தான் பாக்கணும், கோவிச்சுக்கிறாதீக. அந்தக் காத்து செவுத்துல அடிச்ச ஆணியவே தின்னுரும், இது எம்மாத்திரம். ம்... சுத்தமாத்தான் இருக்கு. வேட்டிக் கிழிசல்ல சுத்தி வப்பீகளா? பரவால்லையே. வெயில்ல எழுத்து தெரியுமா? இந்தா, வெளிய நீட்டுறேன். அட, ஆமா. இந்த வெயிலுக்கு என் போன்ல என் மூஞ்சிதான் தெரியும்.

எனக்கில்ல தம்பி, என் தங்கச்சிக்கு. எந்நேரமும் புத்தகமும் கையுமாத்தான் இருப்பா. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சாலும் அந்தப் பக்கத்த முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பா. இப்ப அவளுக்கு ஒரு எடம் வந்துருக்கு, நல்ல எடம். ஆனா மாப்பிள்ளையோட அம்மா தரகர்கிட்டச் சொல்லி விட்டுருக்காக, பொண்ணு படிக்கிற பழக்கத்த மட்டும் விட்டுட்டு வரட்டும்னு. இவ என்னடான்னா, புத்தகம் நுழையாத வீட்டுல நானும் நுழையமாட்டேன்னு நிக்கிறா. எங்க அய்யா சரியாச் சோறு தின்னு ரெண்டு நாளாச்சு. அதான் இந்த மாதிரி ஒண்ண வாங்கிக் குடுத்துட்டா, சேல மடிப்புக்குள்ள வச்சுக் கொண்டு போயிருவா பாருங்க. எந்த மாமியாளுக்கும் தெரியாது. என்ன தம்பி, டீ சுட்டுருச்சா?

விலையா? நான் தையல் மிஷின மிதிச்சுச் சேத்த காசு தம்பி. புதுசு வாங்க வக்கிருந்தா இந்த ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து உங்களோட மல்லுக்கட்டுவேனா? மூலையில கீறல் வேற. பாத்துச் சொல்லுங்க. ஐய, கேட்ட ஒடனே கொறைக்கிறீகளே. யாவாரம் பாத்து நீங்க பொழைச்ச மாதிரிதான்.

சரி, எதுக்கு விக்கிறீக? அம்மா சொன்னாகளா. என்னன்னு? கல்யாணம் ஆகப்போற பய ராவும் பகலும் இதையே பாத்துக்கிட்டு இருந்தா, வாரவளும் இப்பிடியே இருந்தா, வீட்டுல ஒல யாரு வைக்கிறதுன்னா? அவுக கவல அவுகளுக்கு. நான் சிரிக்கல தம்பி, தூசி.

இதென்ன, ஒரு கதை முக்காவாசியில நிக்கிது? கொலைக் கதையா. கொன்னது யாரு? சொல்லுங்க, நானென்ன படிக்கவா போறேன்? சொல்லமாட்டீகளா? படிக்கிறவுகளுக்குத் துரோகமா? நல்ல ஆளுதான். என்னது, மெல்ல முணுமுணுக்குறீக? நீங்களே இன்னும் முடிக்கலையா? ஞாயித்துக்கிழம வரைக்கும் டயம் வேணுமா? ஏந்தம்பி, காசுல அவ்வளவையும் விட்டுக் குடுத்துட்டு கதைக்குப் போயி இப்பிடிக் கெஞ்சுறீக. எனக்கு மனசே நெறஞ்சு போச்சு, நெசமாத்தான் சொல்றேன்.

இந்தாங்க, ரீடரப் பிடிங்க. எனக்கு வேணாம். ஒண்ணும் கொறையில்ல, தங்கமான பொருளு. முகத்த அப்பிடித் தொங்கப் போடாதீக. என் கையில உள்ளதே கொஞ்சக் காசு, நாளைக்கு ஒரே வீட்டுல கெடக்கப்போற சாமானுக்கு நான் எதுக்குத் தண்டம் அழணும்? ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படிங்க, ஒலயும் மாத்தி மாத்தி வைங்க.

என்ன முழிக்கிறீக? தரகர் குடுத்த மாப்பிள்ளை நம்பரும் ரீடர் விளம்பரத்துல இருந்த நம்பரும் ஒண்ணா இருந்துச்சு. அம்மா படிக்காதங்குது, மகன் படிக்கிறத விக்கிறாரு, இவரு எந்தக் கட்சின்னு பாத்துட்டு வருவம்னு பஸ் ஏறிட்டேன். எங்கூரு சிக்கலுக்குப் போற பஸ் வந்துருச்சு, வாரேன். டீக்கு மட்டும் நீங்க குடுத்துருங்க. ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு வரும்போது இதச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வாங்க. உங்கம்மா கேட்டாகன்னா, ஜெயப்பிரியாவோட அக்கா கொண்டாரச் சொன்னான்னு சொல்லுங்க.