கோமதியின் பெயரில்

காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. வீட்டில் கோமதி இருந்தவரை அவள்தான் போடுவாள். எனக்கு இப்போதுதான் கை பழகுகிறது. ஜன்னலைச் சாத்திவிடட்டுமா? சாயங்காலமானால் இந்த மாட்டுங்கா மார்க்கெட் சத்தத்தில் பேசுவது காதில் விழாது.

நீங்கள் கொண்டுவந்த காகிதத்தைப் படித்துவிட்டேன். என் பெண் கோமதியின் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரோ கம்ப்யூட்டருக்குள் போயிருக்க முடியும் என்று ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளனான நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து மேல்முறையீட்டில் அவளை வெளியே எடுத்துவிடலாம் என்கிறீர்கள். ‘யாரோ’ என்று போட்டிருக்கிறீர்கள். மரியாதை தெரிந்தவர் நீங்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் மெஷினைச் செம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கு எது தெரியலாம், யார் எதை மாற்றலாம் என்று வகுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். நர்ஸுகள் படிக்கலாம், எழுத முடியாது. நோயாளிக்கு ஆகாத மருந்து எது என்ற வரியைத் தொட ரெக்கார்ட் செக்ஷன் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. எனக்கும் கொடு என்று பெரிய டாக்டரே வந்து கேட்டார், முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். கோமதி சிரிப்பாள். “அப்பா, நீ ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கற கூர்க்காப்பா” என்பாள். அவளும் ரெக்கார்ட் செக்ஷனில்தான் இருந்தாள். வேலை நான் வாங்கிக் கொடுத்ததில்லை, பரீட்சை எழுதி முதலாவதாக வந்தாள்.

எல்லா அனுமதிக்கும் மேலே ஒரே ஒரு ஆள் உண்டு. சூப்பர் யூசர் என்பார்கள். அந்த ஆள் யார் பெயரை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், மெஷின் பாஸ்வேர்ட் கேட்காது. அது நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைத் தப்பாக உபயோகித்ததில்லை, அந்த ஒரு தடவை தவிர.

அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. என்னிடம் சொல்லும்போது அவள் கண் மின்னியது. அவள் அம்மா போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போகாதே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற அப்பா நான் இல்லை. சூட்கேஸ் வாங்கக் கூடவே தாதர் வரைக்கும் போய்வந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி. மெமோ வாங்கியவர்களை விசாரணை முடிகிறவரை வேலையிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். விசாரணை இழுக்கும், அதற்குள் அந்த வேலை கைவிட்டுப் போகும். கொஞ்ச நாள் அழுவாள், நான் சமாதானம் செய்வேன், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இவ்வளவுதான் நினைத்தேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவள் பெயரில் ஒரு தப்பு விழ வேண்டும். நோயாளியின் விலாசத்தில் தப்பு என்றால் சிரித்துவிட்டு விடுவார்கள், மெமோ வராது. அதனால் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, என் ரூமில் இருந்த திரையிலேயே கோமதியின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு நோயாளியின் பதிவில் ‘பென்சிலின் கூடாது’ என்ற வரியை எடுத்துவிட்டேன். யாருடையதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுத்தேன். ஷேக் பரீத், தாராவி, தோல் பட்டறைத் தொழிலாளி. எப்போதோ முதலாளி செலவில் வந்துபோனவர். அந்த மாதிரி ஆட்கள் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முறை வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வார முடிவில் ஹெட் நர்ஸ் மாற்றிய பதிவுகளைச் சரிபார்ப்பாள், அவள் கண்ணில் பட்டுவிடும். நானே கண்டுபிடித்தால் நன்றாக இருக்காது என்று அப்படியே விட்டுவைத்தேன்.

ஆனால் அதற்குள் அவர் வந்துவிட்டார். தோல் வெட்டும் கத்தி உள்ளங்கையில் இறங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்தார். அன்றைக்குக் கூட்டம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், வடக்கத்தியான். கொஞ்சமாகப் போட்டுப் பார்த்துவிட்டு முழு ஊசி போட வேண்டும் என்ற வழக்கத்தைக்கூட அவன் விட்டுவிட்டான். அவர் மனைவி மதீனா பீவி கோர்ட்டில் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். “இவுகளுக்கு அந்த ஊசி ஆவாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் சாப். போன தடவ இங்கனதான சொன்னாவ? டாக்டரு டிவி பொட்டியப் பாத்துட்டு, கம்ப்யூட்டர் மே நஹீ ஹை, அதுல இல்லேன்னுட்டாரு.” ஊசி போட்ட கட்டிலிலேயே அந்த மனிதர் அடங்கிவிட்டார். நான் ரொம்ப வருத்தப்பட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணையில் மெஷின் அச்சடித்த தாளை மேஜைமேல் வைத்தார்கள். கோமதியின் பெயர் இருந்தது. அந்த நேரத்தில் அவள் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில், கூட வேலை பார்க்கும் மர்யத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லியிருந்தால் போதும். மர்யம் வாயைத் திறக்கப் போனாள், கோமதி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். தாளில் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் திரையிலிருந்து என்றும் இருக்கும். மற்றவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வரியில், என் ரூம் திரையின் எண்மேல், விரலை வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. “நான்தான் பண்ணினேன். கவனமில்லாம பண்ணிட்டேன்” என்று சொன்னாள். கோர்ட்டிலும் அதையே சொன்னாள். இரண்டு வருஷம் போட்டார்கள்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அவள் சொன்னதை மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் காகிதத்தில் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் அந்த டாக்டர் பையன் என் ரூமுக்குப் போன் செய்தான். பேஷண்டின் மனைவி ஆகாது என்கிறாள், கம்ப்யூட்டரில் அப்படி இல்லை, எதை நம்புவது என்று கேட்டான். பெயரையும் சொன்னான். போனில் அவன் குரலுக்குப் பின்னால் அந்த அம்மாள் கத்துவது எனக்குக் கேட்டது. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அவள் சொல்வதைக் கேள் என்று சொல்லியிருந்தால், வரி எங்கே போயிற்று என்று உடனே தேட ஆரம்பிப்பார்கள், என் ரூமில் வந்து நிற்பார்கள். அதனால், மெஷினில் இருப்பதுதான் சரி என்று சொன்னேன். போனை வைத்தேன். அந்தப் பையன் பிற்பாடு எங்கேயும் அந்தப் போனைப் பற்றி மூச்சு விடவில்லை, அவனுக்கு அவன் பயம்.

ஆமாம், நான்தான் கொன்றேன். நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

வாராவாரம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “பிரஷர் மாத்திரை போட்டுண்டியாப்பா? ரசத்துல புளியக் கொறைச்சுக்கோ” என்பாள். ரொம்ப இளைத்துவிட்டாள். பார்த்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான் வேறு ஒன்று கேட்டாள். “அந்த ஷேக் பரீதோட சம்சாரம் என்ன பண்றா? நீ போய்ப் பாத்தியாப்பா?” இல்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரை அழித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அழிக்கவில்லை. காலையில் மெஷினைத் திறந்ததும் அவள் பெயரில் ஒரு தடவை உள்ளே போய்வருவேன். கோமதி, வணக்கம் என்று திரையில் வரும். ஒன்றையும் தொடமாட்டேன், பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

பேனாவை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. கோபப்படாதீர்கள். நீங்கள் வந்ததிலிருந்து கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இதில் கையெழுத்துப் போட்டால் அவள் வெளியே வந்துவிடுவாள். வந்ததும் பிளேன் ஏறிவிடுவாள். இப்போதாவது பஸ் பிடித்தால் பார்த்துவிடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு நான் தனியாக உட்கார்ந்திருப்பதென்றால், இவ்வளவையும் நான் எதற்காகச் செய்தேன்?