ஆய்வாளர் நேரில் கண்டது

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு முதலில் கண் கெட்டுப்போகும் என்பார்கள். எனக்கு இடுப்புதான் போனது. நான் இப்படி விறைப்பாக உட்கார்ந்திருப்பதைத் திமிர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சாய்ந்தால் வலிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் மேசைமேல் இருப்பது என் முதுநிலைச் சட்டப் படிப்புக்கான ஆய்வேடு. 'செய்யாமையும் குற்றப் பொறுப்பும்'. தலைப்பைக் கேட்டாலே ஆட்களுக்குக் கொட்டாவி வரும். விஷயம் எளிதானது. ஒருவர் குளத்தில் மூழ்குகிறார். கரையில் நிற்பவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். தள்ளிவிடவில்லை, கைகொடுக்கவும் இல்லை. அவரைத் தண்டிக்கலாமா? பெற்ற தாய் என்றால் தண்டிக்கலாம், சம்பளத்துக்குக் காவல் நிற்பவர் என்றாலும் தண்டிக்கலாம், மற்றவர்களைக் கூடாது என்பது என் வாதம். கல்நெஞ்சைக் குற்றமாக்கினால் சிறைகள் போதாது என்றுகூட எழுதியிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டார்.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினாலும் ஓரத்தில் 'யார் சொன்னது, எந்தப் பக்கம்?' என்று கேட்பார். அவரிடம் படித்த எங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

என் அறைத்தோழியும் அவருடைய மாணவிதான். வாடகைச் சட்டம் பற்றி எழுதினாள். நான் முக்கி முனகி ஒரு பத்தி எழுதுவதற்குள் அவள் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். பொறாமையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்காகச் செய்யவில்லை.

அவளுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், பிறகு பேச்சு குழறும், பிறகு ஆள் சரிந்துவிடுவாள். விடுதியில் சேர்ந்த அன்று அவளுடைய அம்மா எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இருந்த மேசைமேல் ஒரு குளுக்கோஸ் டப்பாவை வைத்தார்.

"வியர்த்துச்சுன்னா ரெண்டு கரண்டி கலக்கிக் குடுத்துடும்மா. அந்த நேரத்துல இவளுக்கு ஒண்ணும் ஓடாது" என்றார்.

"நான் பாத்துக்கறேம்மா. நீங்க நிம்மதியா போங்க" என்றேன்.

போனார். நானும் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ முறை தூக்கக் கலக்கத்தில் எழுந்து கலக்கிக் கொடுத்து, அவள் வாயைத் துடைத்துவிட்டிருக்கிறேன். இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அது நான் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய வாரம். கேட்டு வாங்கிய அவகாசமெல்லாம் தீர்ந்துவிட்டது. இதையும் விட்டால் பெயரையே நீக்கிவிடுவார்கள். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அவளிடம் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியவள், ஒரு பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள். படிக்க ஆரம்பித்தால் அவளுக்குப் பசி தெரியாது.

"இது நிக்காதுடி" என்றாள்.

"எது?"

"ரத்த சொந்தம் இல்ல, ஒப்பந்தம் இல்ல, அதனால பொறுப்பும் இல்லன்னு எழுதியிருக்க. வாய் வார்த்தையா ஒருத்தி பாத்துக்கறேன்னு சொன்னா?"

"போற போக்குல சொல்றதெல்லாம் சட்டத்துல செல்லுமா?"

"ஏன் செல்லாது? எங்கம்மா ஏன் இங்க வந்து என்கூட இல்ல? நீ இருக்கேன்னுதான். உன்ன நம்பி அவங்க விலகிட்டாங்க. அதுக்கப்புறம் நீ சும்மா உக்காந்திருந்தா, அது கரையில நிக்கறது இல்ல. காப்பாத்த வர்றவங்களையும் வரவிடாம பண்றது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூன்றாம் அத்தியாயம் போனால் அதன்மேல் நிற்கும் எல்லாம் போகும்.

"சார்கிட்ட நீயே சொல்லிடு. அவரா கண்டுபிடிச்சா மானம் போயிடும். வேணும்னா நானும் வரேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் விடாமல் எதிர்வாதம் செய்தேன். உணவுக்கூடத்தில் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. வழக்கமாக அவளைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போவது நான்தான். அன்று கூப்பிடவில்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பென்சில் கையிலிருந்து நழுவியது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உங்களிடம் தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

அமைதியாகத்தான் யோசித்தேன். இவள் சொல்வது சரியென்றால் நான் இப்போது எழுந்திருக்க வேண்டும். நான் எழுதியது சரியென்றால் உட்கார்ந்திருக்கலாம். என் அத்தியாயத்தை நானே நம்பவில்லையென்றால் வேறு யார் நம்புவார்கள்? உட்கார்ந்திருந்தேன்.

அவள் நாற்காலியிலிருந்து தரைக்குச் சரிந்தாள். அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. எடுத்தேன்.

"சாப்பிட்டாளாம்மா?"

"சாப்பிட்டாம்மா. இப்பதான் படுத்தா."

"சரி, எழுப்பாத. நீ இருக்கறதாலதான் இங்க எனக்குத் தூக்கமே வருது."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

சாயங்காலம் விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. நூலகத்திலிருந்து அப்போதுதான் வந்ததாகச் சொன்னேன். நான் அழுதது நிஜமான அழுகை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டாள் என்றார் மருத்துவர். சாப்பிட்டுவிட்டதாக அவள் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறாள் என்று அம்மாவை நம்பவைத்தேன். அதன்பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துக்கத்தைக் காரணம் காட்டி, கேட்காமலே எனக்கு இன்னொரு அவகாசமும் கொடுத்தார்கள்.

அதில் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அவள் சொன்னதுதான் சரி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேனே. தவறு என்று தெரிந்த வாதத்தை ஒப்படைக்க என்னால் முடியாது. இருவர் தங்கும் அறை, நோயாளி, பார்த்துக்கொள்கிறேன் என்ற தோழி, அம்மாவின் அழைப்பு. எல்லாவற்றையும் பெயரில்லாமல் ஓர் உதாரணமாக வைத்தேன்.

"இதுதான் உங்க ஆய்வுக்கு உயிரே" என்றார் பேராசிரியர். "ஆனா அடிக்குறிப்பு எங்க?"

இப்படி ஒரு வழக்கு எந்தத் தீர்ப்பிலும் இல்லை. இல்லாத நூல் ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஆனால் அது மோசடி, எனக்கு மனம் ஒப்பவில்லை. 'ஆய்வாளர் நேரில் கண்டது' என்று போட்டேன். எங்கேயோ மருத்துவமனையில் பார்த்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேட்டை அவளுக்குத்தான் காணிக்கையாக்கினேன். ஒரு பிரதியை அவளுடைய அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டம் படித்தவர் இல்லை. மகளுக்காக வரி விடாமல் படித்திருக்கிறார். 'நீ இருக்கறதாலதான் எனக்குத் தூக்கமே வருது' என்ற வரியில் நின்றிருக்கிறார். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பேச்சு. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே உங்களிடம் வந்தார் என்றீர்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

நடந்தது முழுவதும் இந்த ஆய்வேட்டில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்று இல்லை. நான் அம்மாவிடம் பேசிவிட்டுக் கைப்பேசியை வைத்தபோது, தரையில் கிடந்தவளின் கை மெல்ல மேசையைத் தேடி வந்தது. பார்வை நிலைகுத்தியிருந்தாலும் இடம் பழகியிருந்தது. விரல் குளுக்கோஸ் டப்பாவில் பட்டது. நான் எழுந்து டப்பாவை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன்.

மறைக்க வேண்டும் என்று அதை விடவில்லை. என் ஆய்வு செய்யாமையைப் பற்றியது. அது தலைப்புக்குள் வராது.