துயென் கடைக் காலண்டர்

போராட்டத்துக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்பது என் கொள்கை. பாசிப்பயறு போட்டுப் பசையரிசிச் சோறு கிளறிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவேன். எங்கள் அமெரிக்க ஊரான வெஸ்ட்மின்ஸ்டரில் கோஷம் போடுகிறவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள், சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த பிறகு வியட்நாமிலிருந்து படகேறி வந்தவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பல் இல்லை. ஆனால் ஜெயித்த ஹனோய்க்காரர்களின் சிவப்புக் கொடி கண்ணில் பட்டுவிட்டால் எல்லாருக்கும் வாலிபம் திரும்பிவிடும்.

என் மகள் துயென் இங்கேயே பிறந்தவள். அவளும் ஊர்வலம் போகிறவள்தான். கறுப்பர்களுக்காகப் போவாள், எல்லை தாண்டி வந்தவர்களுக்காகப் போவாள். தோற்றுப்போன எங்கள் தேசத்தின் மஞ்சள் கொடியை மட்டும் தொட மாட்டாள்.

"உங்க சண்ட முடிஞ்சு எவ்ளோ வருஷம் ஆச்சும்மா. இன்னும் யாரப் பாத்தாலும் கம்யூனிஸ்ட்டுன்னு முத்திர குத்திட்டு அலையறீங்க."

"அப்ப நாங்க எதுக்குடி கடல்ல உயிரக் குடுத்து வந்தோம்?"

"அது உங்க கதை. என்ன விட்ருங்க."

விட்டேன். அவள் காப்பிக் கடை போட்டு, அதன் மாடிக்கே குடிபோனாள். வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டேன். அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தாண்டுக்கு வந்தவர்கள் கொடுத்த காலண்டர்கள் அவள் கடைச் சுவர் முழுக்கத் தொங்கின. அவற்றோடு நானும் ஒன்றை மாட்டினேன். வயல், வாத்து, ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புக் கொடி. அவள் அதையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறாள்? பிறகு எங்கள் சங்கத் தலைவர் லோக்கிடம் போனில் பேசினேன்.

"லோக் அண்ணே, என் பொண்ணு கடப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உங்க மனசு தாங்காது."

அரை மணியில் ஒலிபெருக்கியோடு நின்றார் அந்த மனிதர்.

துயென் அப்போதே காலண்டரைக் கழற்றிவிட்டாள். வெயிலில் நின்ற கிழவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். நான் சோறு கொடுத்தேன். தலை குனிந்து ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும்.

"செய்யாத தப்புக்கு நான் எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கணும்?" என்றாள்.

கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் மகள் அல்லவா. அதனால் கூட்டம் தினமும் வந்தது, நாளுக்கு நாள் பெருத்தது. லோக் அண்ணனுக்கு முட்டிவலியே போய்விட்டது.

கல்லை யார் எறிந்தார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கண்ணாடி உடைந்து அவள் வலது கையில் இறங்கியது. நரம்பு அறுந்துவிட்டதாம், விரல்கள் இனி மடங்காதாம். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நீங்கள் நலம் விசாரிக்க வந்ததால் சொல்கிறேன், எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இப்போது சண்டை கிடையாது. மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன், சின்ன வயதில் படுத்தியது போலப் படுத்தாமல் சாப்பிடுகிறாள்.

நேற்று கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்: "அந்தக் காலண்டர யாரும்மா மாட்டியிருப்பா?"

வாயைத் துடைத்துவிட்டேன்.

"யாரோ புள்ள பெறாதவங்க, கண்ணு. பெத்தவங்களுக்கு அப்படியெல்லாம் மனசு வருமா?"