பதினேழாம் கணக்கின் முதல் பூஜ்யம்

மேடையில் கல்லூரி முதல்வர், கணிதத் துறைத் தலைவர், பதிப்பாளர் என மூவர். முன்வரிசையில் என் கணவரும் வீட்டார் ஆறு பேரும். பின்னால் மாணவர்கள் நாற்பத்திரண்டு பேர். கதவோரம் அலுவலகத்துக்காரர் இருவர். எல்லோருக்கும் வணக்கம். கதவோரம் நிற்பவர்களே, மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலி காலி, உட்காருங்கள்.

நாம் இழந்த பேராசிரியர் என் கணவரின் தங்கை. மாணவர்களே, நீங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘சரிபார்த்தியா’. அது அவருக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்!

வரிசையாக வரும் எண்களை ஒரே பின்னத்துக்குள் மடித்து வைப்பது இசட் உருமாற்றம். பின்னத்தைப் பிரித்து எண்களைத் திரும்ப எடுப்பது அதன் நேர்மாறு. மடிக்க யாருக்கும் வரும்; பிரிக்கும்போதுதானே கை தடுமாறுகிறது? பின்னத்தைத் துண்டு துண்டாக உடைத்து விடை கண்ட பிறகும் அவர் விடமாட்டார். நீள்வகுத்தல் போட்டு, முதல் நான்கு எண்களாவது ஒத்துவருகின்றனவா என்று பார்க்கச் சொல்வார்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தான் எழுதிவந்த நூலின் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டுப் போவார். தட்டு வைக்க இடம் வேண்டுமே என்று அடுக்குவேன். அடுக்கும்போது படிப்பேன். வகுத்தல் எனக்குப் பழகிய வேலை.

ஒருநாள் பதினேழாம் கணக்கை வகுத்தேன். அவர் விடை 1, 3, 7 என்று தொடங்கியது. எனக்கோ 0, 1, 3, 7 வந்தது. மூன்று முறை போட்டேன். கடவுளை வேண்டிக்கொண்டு நான்காம் முறையும் போட்டேன். அதே பூஜ்யம்!

“முதல்ல பூஜ்யம் வருதே, பாரும்மா.”

“அண்ணி, அடுப்பப் பாருங்க, ஏதோ தீயுது.”

“அடுப்ப அணைச்சு அரைமணி ஆச்சு. நீ சரிபார்த்தியா?”

பென்சிலை எடுத்து அவரே வகுத்துப் பார்த்தார். பின்னத்தை உடைக்கும் முன் இசட்டால் வகுக்க மறந்திருந்தார். வரிசை முழுதும் ஒரு படி முன்னால் நகர்ந்திருந்தது.

மறைத்தாரா? மறுநாள் கரும்பலகையில் அந்தத் தப்பையே எழுதினார். “இது நான் போட்டது. எங்க அண்ணி பிடிச்சாங்க. எங்க வழுக்கினேன், சொல்லுங்க பாப்போம்” என்றாராம். நூலிலும் அப்படியே சேர்த்தார். எத்தனை பெரிய மனசு!

நேற்று பதிப்பாளர் என்னிடம், “தப்ப எடுத்துடலாம்மா, மேடத்துக்கு மரியாதையா இருக்காது” என்றார். ஐயா, தன் கையாலேயே எழுதிவைத்தவருக்குத் தெரியாத மரியாதையா நமக்குத் தெரியும்? என்னைப் பற்றிய வரியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். நாளை அதே இடத்தில் வழுக்கப்போகும் பிள்ளைக்கு அந்தத் தப்பு வேண்டும்.

நூலில் சரிபார்க்காத கணக்குகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. துறைத் தலைவர் பின்னங்களை உடைத்து விடை தரட்டும். ஒவ்வொன்றையும் நான் வகுத்துப் பார்த்துத் தருகிறேன். இது அவருக்கு நான் தரும் வாக்கு.

பதிப்பாளர் ஐயா, பதினேழாம் கணக்கு அவர் எழுதியபடியே அச்சில் வருமா, வராதா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.