மூடியில்லாத தட்டு

மழை நாளில் றப்பர் மரத்தில் பால் வெட்ட மாட்டார்கள். எங்கள் ஊர் புளத்கொகுபிட்டியவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றும் மழை. அதனால்தான் பால்வெட்டுக்காரன் சதீஸ் எங்கள் ஸ்பிரிட் ஆலையில் கோபுரம் கழுவ வந்தான்.

நான் காமில், ஆலையின் பொறியியலாளர். வாக்குமூலம் எழுதும் உங்களுக்குக் கோபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஸ்பிரிட் வடிக்கும் நெட்டையான இரும்புக் குழாய். உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டுகள், தட்டெல்லாம் துளைகள், துளைக்கொரு மூடி. புளிக்கவைத்த சீனிப்பாணி மேலிருந்து இறங்கும், ஆவி கீழிருந்து ஏறும். தட்டில் இரண்டும் எவ்வளவு நன்றாகக் கலக்கின்றன என்பதுதான் அதன் திறன். நூற்றுக்கு எழுபது வீதம் என்று நான் மதிப்பிட்டிருந்தேன். திறந்து பார்க்கவில்லை, படித்தவனுக்கு அது தேவையில்லை. அந்த எழுபதை நம்பித்தான் முதலாளி எனக்கு மேலாளர் கதிரையைத் தருவதாக இருந்தார். கோபுரம் ஓடுவதைப் பார்க்க அன்று காலை வந்தும்விட்டார்.

சதீஸ் ஆள் நுழையும் துவாரத்தால் தலையை நீட்டினான்.

"சேர், இந்தத் தட்டுகள்ல பாதிக்கு மேல மூடியே இல்லீங்க. ஆவி சும்மா ஓட்டையால போயிருமே. முடிச்சிட்டு எறங்கி வந்து முதலாளிகிட்டயும் சொல்லிர்றேன்."

துளியும் கெட்ட எண்ணம் இல்லாத மனிதன். எனக்கு உதவுவதாகவே நினைத்தான். "சரி, சொல்லு" என்றேன். அவன் மறுபடி உள்ளே போனான்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. நீராவியைத் திறக்குமுன் கோபுரத்தில் ஸ்பேனரால் மூன்று முறை அடிக்க வேண்டும். பதில் அடி வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். துவாரத்தை மூடி முடுக்கியவன் நான்தான். அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். ஏணியடியில் அவனுடைய செருப்பு கிடந்தது. ஆனால் அந்த நீலச் செருப்பைத் தோட்டத்தில் எல்லாரும்தான் போடுகிறார்கள்.

அவன் செத்த பிறகு, அடிக்க மறந்துவிட்டேன் என்று அழுதேன். நம்பினார்கள். அவன் மனைவி மல்லிகா என்னைத் தேற்றினாள். "மறதி யாருக்குத்தான் இல்லீங்க, சேர். நீங்க சாப்பிடாம இருக்காதீங்க."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் என் மனைவி ஆதிலா அகப்பையைச் சட்டி விளிம்பில் அடித்தாலும் என் கைச்சோறு விழுந்துவிடுகிறது. என்ன என்று கேட்கிறாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் மறக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். மூன்று பதில் வந்தது. அவசரமே இல்லாமல், தெரிந்த ஆளுக்குக் குரல் கொடுப்பதுபோல. பிறகு நீராவியைத் திறந்தேன்.

அவனை வெளியே எடுக்கக் கோபுரத்தைப் பிரித்தபோது வெறும் துளைகளை முதலாளி தன் கண்ணாலேயே பார்த்தார். புது மூடிகள் போட்டார்கள். இப்போது தட்டுகள் எழுபது வீதம் வேலை செய்கின்றனவாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கில் பிழை இருக்கவில்லை.